மாதிரிப் புழுவும் மருந்துப் பனியும்

"நம்ம புழுவெல்லாம் எங்கம்மா போச்சு?"

மூடியில் ஓட்டை போட்ட ஜாம் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஈர மண்ணில் நின்று என் ஐந்து வயது மகள் கேட்டாள். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததற்கு மற்றவர்களைவிட நான் கொஞ்சம் கூடுதலாக வெட்கப்பட வேண்டும். மண்புழு என் தொழில்.

தொழில் என்றால் வளர்ப்பதோ விற்பதோ அல்ல. எங்கோ ஒரு குளிர்நாட்டில், அணு உலையில் வேலை முடிந்த கழிவைப் பூமிக்கடியில், ஆழத்தில், பாறைக்குள் வைத்து மூட ஒரு திட்டம் இருக்கிறது. மூடியபின் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்துப் பெட்டி துருப்பிடித்து, நிலத்தடி நீர் உள்ளே புகுந்து, கதிரியக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தால், அப்போது அங்கே வாழப்போகும் மானுக்கும் தவளைக்கும் வாத்துக்கும் தேனீக்கும் மண்புழுவுக்கும் என்ன ஆகும் என்று இப்போதே கணக்குப் பார்க்க வேண்டும். அந்த நாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. அந்த நிறுவனத்துக்காக, மலாய் நாட்டுக் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவள் நான். சுற்றுச்சூழல் படித்திருக்கிறேன், ஒப்பந்த வேலை. மான் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. மானுக்கு எங்கும் ஆள் உண்டு. எனக்கு மண்புழு.

வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றான இந்த லைன் வீடு என் கணவரின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்ததால் வந்தது. கணவருக்குத் தேயிலை வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கும் காய்கறித் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். அதன் முதலாளி, எங்கள் ஊரில் எல்லாரும் தவுக்கே என்று அழைக்கும் சீனர், வயதானவர், மரியாதையானவர். சன்னலைத் திறந்தால் முன்பக்கம் தேயிலை, சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் பச்சை. பின்பக்கம் பிளாஸ்டிக். அந்தப் பக்கம் யாரும் படம் எடுப்பதில்லை.

என் வேலையை யாருக்காவது விளக்கிச் சொல்லும் ஆசையை நான் எப்போதோ விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா காலையில் பிரிஞ்சாங் சாலையோரம் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்றுவிட்டு, மிச்ச நேரத்தில் என் மகளைப் பார்த்துக்கொள்பவர். ஒருநாள் என் கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஒரே முட்டையா வரைஞ்சி வச்சிருக்கே?"

"முட்டை இல்லக்கா. மண்புழு."

"இதுவா? தலை எங்க, வால் எங்க?"

"தலை வாலெல்லாம் கிடையாது. இது மாதிரி மண்புழு."

"எது மாதிரி?"

"எது மாதிரியும் இல்லக்கா. மாதிரி மண்புழு."

"அதத்தான் கேக்குறேன். எது மாதிரி?"

உண்மையில், உலகத்தில் உள்ள எல்லா மண்புழுக்களையும் தனித்தனியாக அளக்க முடியாது என்பதால், கணக்குக்காக ஒரு பொதுப் புழுவை வைத்துக்கொள்கிறோம். அது இரண்டு பக்கமும் ஒடுங்கிய நீள்முட்டை. அதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை. வாழ்நாள் முழுவதும் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். உடம்பு முழுக்க ஒரே சீராக இருக்கும். இதை முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"சரி லா. புழு மாதிரி. ஆனா புழு இல்ல. அப்படித்தானே?"

"அப்படித்தான்க்கா," என்றேன். வேறு என்ன சொல்ல.

மறுநாள் லைன் முழுக்கச் செய்தி போய்விட்டது: நான் வீட்டில் உட்கார்ந்து வெள்ளைக்காரனுக்கு முட்டை வரைகிறேன்.

வரைவதில் எங்களுக்குச் சில விதிகள் உண்டு. அவை எனக்கு மிகவும் பிடித்தவை. முதலாவது, ஒரு விலங்கு எவ்வளவு கதிரியக்கத்தை உடம்பில் சேர்க்கும் என்ற எண் கிடைக்காவிட்டால் வேறு விலங்கின் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். தவளைக்கு இல்லையென்றால் மீனிடம் கேட்கலாம், பக்கத்து வீட்டில் சீனி கேட்பது போல. இரண்டாவது, தனி உயிரைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. ஒரு வாத்து செத்தால் செத்துவிட்டுப் போகட்டும், வாத்துக்கூட்டம் பிழைத்தால் போதும். மூன்றாவதுதான் பெரிய விதி. எது தெரியவில்லையோ, அங்கே இருப்பதிலேயே மோசமானதை நம்ப வேண்டும். பெட்டி எப்போது துருப்பிடிக்கும் என்று தெரியாதா? சீக்கிரமே பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள். புழு எவ்வளவு நேரம் மண்ணுக்குள் இருக்கும் என்று தெரியாதா? எப்போதும் இருக்கிறது என்று வைத்துக்கொள். இப்படி மோசத்திலும் மோசமாகக் கணக்குப் போட்டும் புழு பிழைத்துவிட்டால், நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம்.

என் புழு பிழைத்தது. ஒவ்வொரு முறையும் பிழைத்தது. பல்லாயிரம் ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்தது. நானும் பெருமையாகத்தான் இருந்தேன். வீட்டில் எந்தக் குழம்பும் இப்படிச் சரியாக வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாலர் பள்ளி டீச்சர், எல்லாப் பிள்ளைகளும் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு மண்புழுவைப் போத்தலில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். என் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கம்மா புழு அம்மா, டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஜாம் போத்தலைக் கழுவி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். சிறு மண்வெட்டியோடு வீட்டின் பின்பக்கம் போனோம்.

பின்பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் தோண்டினோம். இல்லை. வாழைக்கு அடியில் தோண்டினோம். இல்லை. குளியலறைத் தண்ணீர் போகும் இடம், எப்போதும் ஈரமாக இருக்கும், அங்கே கட்டாயம் இருக்கும் என்று சொன்னேன். அங்கேயும் இல்லை. அக்கா தன் வீட்டுப் பின்வாசலில் துணி காயப்போட்டபடி வேடிக்கை பார்த்தார்.

"புழுவுக்குன்னே படிச்ச பொம்பள, ஒரு புழு கெடைக்கல பாரு."

"மழை இல்லக்கா, அதான் கீழே போயிருக்கும்."

"நேத்து பெய்ஞ்சது மழை இல்லாம என்ன, மழை மாதிரியா?"

அப்போதுதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மேலே பிளாஸ்டிக் கூரைகளுக்கு நடுவிலிருந்து பம்பு சத்தம் கேட்டது. எங்கள் லைனில் அந்தச் சத்தத்துக்கு எல்லாருக்கும் கைகால் தானாக வேலை செய்யும். அக்கா காயப்போட்ட துணியைப் பிடுங்கி எடுத்தார். வரிசையாக எல்லா வீட்டிலும் சன்னல்கள் படபடவென்று மூடின. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை, மழை வந்தால் சொல்லிக்கொள்ளாதது போல.

"மருந்து அடிக்கிறாங்க, உள்ள வா," என்று மகளை இழுத்தேன்.

பனியோடு பனியாக அந்த மருந்தும் சரிவில் இறங்கி வந்தது. மூடிய சன்னல் வழியாக மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "அம்மா, புழுவுக்கெல்லாம் மருந்து குடுத்தாங்கள்ல, நல்லாயிருச்சு. அதான் வீட்டுக்குப் போயிருச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே தட்டி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லாரும் சிரிக்கும் முகங்களை அனுப்பினார்கள். 'மருந்து' என்ற சொல்லை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் படித்தவர்கள்.

புழு விஷயத்தை ஒருவழியாக முடித்தோம். கியா பார்ம் பக்கம் ஸ்ட்ராபெரிச் செடி விற்கும் ஒருவர் உரத்துக்காகப் புழு வளர்க்கிறார். கணவர் லாரியை நிறுத்தி ஒன்றை வாங்கிவந்தார். மகள் போத்தலை உற்றுப் பார்த்தாள். "இது நம்ம புழு இல்லையே," என்றாள். ஆனாலும் கொண்டுபோனாள்.

அடுத்த வாரம் அவளுக்கு இருமல். எங்கள் ஊர்க் குளிருக்கு இருமல் ஒரு செய்தியே அல்ல. கிளினிக்கில் கொடுத்த கசப்பு மருந்தை நான் கரண்டியில் ஊற்றுவேன், அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள், பாதி சட்டையில் போகும். அன்று பின்நேரம் எனக்குக் குளிர்நாட்டுக்காரர்களோடு கணினியில் கூட்டம். அவர்களுக்கு அப்போதுதான் விடிந்து காப்பி குடிக்கிற நேரம். மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்டத்தில் என் புழுவைப் பற்றித்தான் பேச்சு. அது முழுநேரமும் மண்ணுக்குள் இருப்பதாக வைப்பதா, மழைக்கு மேலே வந்துபோவதாகவும் வைப்பதா என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். வெகுநேரம் பேசினார்கள். எங்கள் மேலாளர் அம்மையார் மிகவும் நல்லவர். "தங்களுக்காகப் பேச முடியாத உயிர்களுக்காக நாம் பேசுகிறோம்" என்று உருக்கமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். பின்னாலிருந்து பம்பு சத்தம் கேட்டது. என் வீட்டுச் சன்னல்கள் மூடித்தான் இருந்தன. பிறகு அக்காவின் குரல், லைன் முழுக்கக் கேட்கும் குரல்:

"ஏ பாப்பா! அங்க என்னடி பண்றே! உள்ள வாடி!"

மேலாளர் அன்பாகச் சொன்னார், உங்கள் பக்கத்துச் சத்தத்தைக் கொஞ்சம் அணைத்துவிட முடியுமா என்று. நான் அணைத்துவிட்டு ஓடினேன்.

மகள் காய்கறித் தோட்டத்து வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, டாக்டரிடம் காட்டுவது போல 'ஆ' என்று வாயை முழுக்கத் திறந்துவைத்திருந்தாள். சரிவிலிருந்து அந்த வெள்ளைப் பனி அவள் முகத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

தூக்கிக்கொண்டு ஓடிவந்து குழாயடியில் வைத்து முகத்தையும் வாயையும் கழுவும்போது அவள் சந்தோஷமாகச் சொன்னாள். "மருந்து குடிச்சிட்டேன்மா. இது கசக்கவே இல்ல."

அக்கா நெஞ்சில் கைவைத்து நின்றார். "ஒரு நிமிசம்தாம்மா, அடுப்ப அணைச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள..." அவரைக் குறை சொல்லி என்ன? 'மருந்து அடிக்கிறாங்க' என்று தினமும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தானே.

தானா ராத்தா கிளினிக்கில் டாக்டர் அவளைப் பார்த்தார். கண், தொண்டை, மூச்சு. ஒன்றும் இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள், மூச்சு வாங்கினால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். பிறகு மலாயில் கேட்டார், அது என்ன ராச்சுன் என்று. மலாயில் அதற்கு அதுதான் பெயர். ராச்சுன் என்றால் விஷம். அவர்கள் நேராகச் சொல்லிவிடுகிறார்கள். நாம்தான் விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்து, பிள்ளைகளிடம் மருந்தைக் குடி குடி என்று கெஞ்சுகிறோம்.

என்ன ராச்சுன் என்று எனக்குத் தெரியவில்லை. கணவருக்குப் போன் போட்டேன்.

"வெள்ளை டின்னு. நீல மூடி," என்றார்.

"பேரு?"

"பேரெல்லாம் யாரு பார்த்தா? பாப்பா எப்படி இருக்கா, அதச் சொல்லு."

மகள் நன்றாக இருந்தாள். அன்றும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நன்றாக இருந்தாள். இருமல்கூடப் போய்விட்டது. அதைச் சுட்டிக்காட்டி அவள், "பார்த்தியா?" என்றாள்.

அவள் தூங்கும் மதியம் ஒன்றில் நான் மேசையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது இதுதான், இதை என் பிள்ளைக்குச் செய்தால் என்ன என்று நினைத்தேன். என்ன பொருள், தெரியாது. எவ்வளவு உள்ளே போனது, தெரியாது. எத்தனை நாளாக இறங்கி வருகிறது, தெரியாது. சரி, தெரியாத இடத்தில் மோசமானதை நம்பு. பழக்கத்தில் திரையில் ஒரு நீள்முட்டையை வரைந்துவிட்டேன். அதற்கு வாய் இல்லை. என் கணக்கில் எந்த உயிரும் வாயைத் திறந்துகொண்டு வேலியோரம் நின்றதில்லை. அதோடு அந்த இரண்டாவது விதி வேறு: தனி உயிரைப் பற்றிக் கவலைப்படாதே. லைனில் பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் ஓடியாடுகின்றன. கூட்டம் பிழைத்திருக்கிறது. கணக்குப்படி எனக்கு எந்தக் குறையும் இல்லை. முட்டையை அழித்தேன்.

இதை எழுதும்போதே நான் அநியாயமாகப் பேசுகிறேனோ என்றும் தோன்றுகிறது. புழு போனதற்கு அந்த மருந்துதான் காரணம் என்று என்னிடம் ஆதாரம் இல்லை. மண் அரித்து மழையில் போயிருக்கலாம். யாரோ கொட்டிய கட்டட மண்ணாக இருக்கலாம். உப்பு உரமாக இருக்கலாம். எந்த நல்ல அறிக்கையிலும் இதைத்தான் எழுதுவேன். ஆனால் குளிர்நாட்டில் ஆதாரம் இல்லையென்றால் மோசமானதை நம்புகிறோம். இங்கே ஆதாரம் இல்லையென்றால் சன்னலை மூடுகிறோம்.

கணவரிடம் பேசினேன்.

"தவுக்கேகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அடிக்கிறதுக்கு முன்னாடி லைனுக்குச் சொல்லிட்டாவது அடிக்கட்டும்."

"என்னன்னு சொல்றது? எம்பொண்ணு வாயத் தொறந்து வச்சிருக்கா, பார்த்து அடிங்கன்னா?"

"விளையாடாதீங்க."

"விளையாடல லா. அவரு நல்ல மனுசன். தீபாவளிக்கு எத்தன கோஸ் குடுத்தாரு."

"அந்தக் கோஸுக்கும் இதே மருந்துதான்."

"அதான் கழுவிச் சாப்பிடுறோமே."

"பிள்ளையோட நெஞ்சை எப்படிங்க கழுவுறது?"

அவர் எழுந்து லாரிச் சாவியை ஆணியில் மாட்டினார். கோபத்தில் அல்ல. அவருக்கும் தெரியவில்லை.

அதனால் என் கையில் இருந்ததை மட்டும் செய்தேன். சொல்லை மாற்றினேன். மகளை உட்காரவைத்து, அது மருந்து இல்லை, விஷம், குடித்தால் செத்துப்போவோம் என்று சொன்னேன். அவள் கண் விரிந்தது. நன்றாகப் புரிந்துகொண்டாள். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தவுக்கே லாரிச் சாவி வாங்க எங்கள் வாசலுக்கு வந்தார். மகள் அவர் முன்னால் போய் நின்று, பள்ளியில் கற்ற சுத்தமான மலாயில் கேட்டாள்: அங்கிள், நீங்கள் ஏன் எங்களுக்கு ராச்சுன் அடிக்கிறீர்கள்? என் அப்பா ராச்சுன் லாரியா ஓட்டுகிறார்?

கணவரின் முகம் போன போக்கை நான் பார்க்க வேண்டியிருந்தது. தவுக்கேயோ சிரித்தார். அவருக்கு அந்தச் சொல்லில் எந்தச் சங்கடமும் இல்லை, கடையில் அந்தப் பெயரில்தானே வாங்குகிறார். "ஆமாம் லா, ராச்சுன். பூச்சிக்கு. நீ கிட்ட வராதே," என்று மலாயில் சொல்லி அவள் தலையைத் தடவினார். சாவியை வாங்கிக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார். போய்விட்டார்.

"நீதான் சொல்லிக் குடுத்தியா?" என்றார் கணவர்.

"உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மைய நீ சொல்லு. பிள்ளைய ஏன் சொல்ல வைக்கிறே?"

அந்த வாரம் லாரி சில முறை அவர் இல்லாமலே கீழே இறங்கியது. மழையில் காய் குறைவு, அதனால் தோட்டத்தின் இன்னொரு பழைய ஓட்டுநர் மட்டும் போதும் என்று சொன்னார்களாம். மழை பெய்ததும் உண்மைதான். அவர் மழை என்கிறார். நான் மகள் கேட்ட கேள்வி என்கிறேன். இரண்டில் எது என்று தெரியாது. தெரியாத இடத்தில் மோசமானதை நம்பும் பழக்கம் எனக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை.

மகள் அதற்குப் பிறகு அப்பாவின் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மடியில் உட்காருகிறாள். அவரும் இப்போது குளித்துவிட்டு வந்து அவளை அழைக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. விஷம் என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பள்ளிப் புத்தகச் சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். "அது பூச்சிக்கொல்லி, பாப்பா."

அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். "பூச்சியக் கொல்லுமா?"

"ஆமா."

"நான் பூச்சி இல்லையே. அப்ப என்னைக் கொல்லாது." நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் பக்கம் விளையாடப் போனாள்.

நான் பின்னாலேயே போய் அவளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டேன். இப்போது அவள் பின்பக்கம் போவதே இல்லை. முன்பக்கம், தேயிலையைப் பார்த்தபடி, சிமெண்டுத் தரையில் விளையாடுகிறாள். குளிர்நாட்டுக்காரர்கள் என் அறிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். புழுவுக்கு ஆபத்தில்லை. அடுத்து எனக்குத் தேனீ தருவதாகச் சொல்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் இப்படித் தோட்டத்துக்குக் கீழே குடியிருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளை வாயைத் திறக்காமலும் இருக்க வேண்டும், தன் அப்பாவைப் பார்த்துப் பயப்படாமலும் இருக்க வேண்டும். அதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? மருந்து, விஷம், பூச்சிக்கொல்லி மூன்றையும் நான் முயன்றுவிட்டேன். இன்னொன்றும் உண்டு. அந்தத் தவுக்கேயின் முன்னால், பிள்ளையை அனுப்பாமல், நானே போய் நிற்கலாமா? அந்த டின்னின் பெயரைக் கேட்கலாமா, அடிக்கும் நேரத்தைச் சொல்லச் சொல்லலாமா? கேட்டு, அதன்பிறகும் வீட்டுக்காரரின் லாரி வேலை நிலைத்த வீடு உங்களில் யாருக்காவது இருந்தால், எப்படிக் கேட்டீர்கள், என்ன வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதைக் கணவரிடம் காட்டிவிட்டுத்தான் தவுக்கேயிடம் போவேன்.